இரண்டாம், மூன்றாம் கியரில் கார் குலுக்குகிறது: கிளச்தான் காரணமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். 2004ஆம் ஆண்டு கொரொல்லா 121, 1500 சிசி பெற்றோல், மனுவல் கியர். கை மாறி வந்த கார், மீற்றரில் 84,000 கிலோமீற்றர், வாங்கி மூன்று மாதம். இரண்டாம், மூன்றாம் கியரில் அக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் இரண்டு மூன்று தடவை தூக்கித் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிறது. ஏசி போட்டால் கூடுகிறது, மழை பெய்த மறுநாள் காலையில் இன்னும் மோசம், சில வேளை முன்பக்கம் ‘டக்’ என்று ஒரு சத்தம். கராஜில் காட்டியதும் கிளச் செட் மாற்ற வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேல் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. என்ஜின் விட்டு விட்டு இழுப்பதால் கார் குலுங்குகிறதா, அல்லது ஒழுங்காக இழுக்கும் என்ஜினின் சக்தி ரயருக்குப் போகும் வழியில் தடுமாறுகிறதா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் எதை மாற்றினாலும் அது லொத்தர் சீட்டுத்தான்.

காரைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கிளச் பெடலிலிருந்து காலை முழுதாக எடுத்து, கார் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் குலுக்கலுக்குக் கிளச் காரணமாவது அபூர்வம். கிளச் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் கெடும். ஒன்று வழுக்கல்: மிதித்தால் என்ஜின் சுற்று ஏறும், காரின் வேகம் ஏறாது, கருகிய மணம் வரும். அதில் குலுக்கல் இருக்காது, மந்தம்தான் இருக்கும். மற்றது நடுக்கம்: நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது, பெடலைப் பாதி விட்ட அந்த ஓரிரு விநாடிக்கு கார் முழுவதும் அதிரும், பெடலை முழுதாக விட்டதும் நின்றுவிடும். கிளச் பிளேட்டில் எண்ணெய் படிந்தால், அந்தப் பிளேட் அழுந்திப் பிடிக்கும் பிளைவீல் சக்கரம் சூட்டில் நீலம் பாரித்திருந்தால் இது வரும். நீங்கள் சொல்லும் குலுக்கல் இந்த இரண்டிலும் சேரவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. கிளச் பிளேட்டின் நடுவில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் சிறிய ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. அவை உடைந்தால் மிதித்து விடும்போது ஒரு தட்டல் வரும். கூடவே நியூட்ரலில் ஒரு கடகடப்பும் பெரும்பாலும் இருக்கும், கிளச்சை மிதித்தால் அது மாறும். உங்களிடம் அப்படி இல்லையென்றால் இதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கிளச்சை நீங்களே பரிசோதிக்க ஐந்து நிமிடம் போதும். சமதரையில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், ஹாண்ட் பிரேக்கை இறுக்கி, வலது காலைப் பிரேக்கிலேயே வைத்து, நான்காம் கியரைப் போட்டுக் கிளச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளச் என்றால் பெடல் பாதிக்கு மேல் வரும்போதே என்ஜின் திணறி அணைந்துவிடும். பெடலை முழுதாக விட்டும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் கிளச் வழுக்குகிறது. ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளச்சும் சூடேறும். அடுத்தது, அக்சிலேட்டரைத் தொடாமல் முதலாம் கியரில் கிளச்சை மட்டும் விட்டுக் காரை நகர்த்திப் பாருங்கள். அதிராமல் வழுக்கிக்கொண்டு புறப்பட்டால் நடுக்கமும் இல்லை. பெடலில் கையால் அழுத்திப் பார்த்தால் பாரம் தட்டுவதற்கு முன் 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை சும்மா போக வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்த ஒரு லட்சம் உங்கள் பொக்கெட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்து ஓட்டும் விதம். கோபித்துக்கொள்ள வேண்டாம், இதைக் கழித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்தக் காரில் மூன்றாம் கியரில் 1500 சுற்று என்றால் மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 35 கிலோமீற்றர். கொழும்பில் காலி வீதி (Galle Road) நெரிசலில் 20 கிலோமீற்றரில் ஊர்ந்துகொண்டு, மூன்றாம் கியரிலேயே மிதித்தால் புதுக் காரும் குலுக்கும். என்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காரைத் தள்ளுவதால் வரும் குலுக்கல் அது, பழுது அல்ல. ஆகவே ஞாயிறு காலை மரைன் டிரைவ் வெறிச்சென்று இருக்கும் நேரம், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாம் கியரில் 40 கிலோமீற்றரில் சீராக ஓட்டி, அங்கிருந்து அக்சிலேட்டரை முக்கால்வாசி மிதித்துப் பாருங்கள். பிறகு அதையே ராஜகிரிய மேம்பாலம் போல ஓர் ஏற்றத்தில் செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து எத்தனை சுற்றில், எந்தக் கியரில், ஏசியுடனா இல்லாமலா என்று எழுதட்டும். அந்தத் துண்டுக் கடதாசி காரின் கணினியிலுள்ள பழுதுக் குறியீட்டை வாசிக்கும் எந்த ஸ்கானரையும்விடப் பெறுமதியானது.

ஓட்டும்போது சுற்றுமானியின் முள்ளையும் ஒருவர் கவனிக்கட்டும். கிளச் விட்ட நிலையில் என்ஜினும் ரயரும் கட்டிப்போட்டது போல ஒன்றாகத்தான் சுற்றும்; கார் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் சுற்று திடீரென்று பூச்சியத்துக்கு விழ முடியாது. குலுக்கும் கணத்தில் முள் மட்டும் படாரென்று கீழே விழுந்து எழும்பினால், விழுந்தது சுற்று அல்ல, சிக்னல். என்ஜின் சுற்றைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர், அதன் வயர், இக்னிஷன் மின்சாரம் இவற்றில் எங்கோ விட்டுப் பிடிக்கிறது. முள் நடுங்காமல் நிற்க, கார் மட்டும் உதறினால் பழுது ஒரு சிலிண்டரிலோ, காற்றிலோ, பெற்றோலிலோ, ரயர்ப் பக்கத்திலோ இருக்கலாம்.

நீங்கள் சொன்ன அடையாளங்களில் என்னை இழுப்பது மழைதான். மழைக்கு மறுநாள் காலை மோசம், அழுத்தி மிதித்தால் வரும், மெதுவாக மிதித்தால் வராது. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிளக்கில் பாயும் தீப்பொறி. காரணத்தைத் தெரிந்துகொண்டால் தேடுவது சுலபம். அக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிக காற்றும் பெற்றோலும் போய் நெருக்கப்படுகின்றன. நெருக்கம் கூடக் கூட, பிளக்கின் முனைகளுக்கு நடுவே பொறி பாய அதிக வோல்ட் தேவை. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் ‘காயில்’ என்ற சுருள் பல்லாயிரம் வோல்ட் தரும். ஆனால் மின்சாரம் எப்போதும் சுலபமான வழியைத் தேடும். காயிலின் கீழே பிளக்கை மூடியிருக்கும் றப்பர் உறையில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால், அதில் ஈரமும் இருந்தால், பிளக் முனையைத் தாண்டுவதைவிட வெளியால் என்ஜின் உடலுக்குப் பாய்வது அதற்கு லேசு. அந்தச் சிலிண்டர் அந்த முறை வெடிக்காது. நாலில் ஒன்று விட்டு விட்டுப் போனால் அதைத்தான் நம்மூரில் ‘மிஸ் அடிக்குது’ என்கிறோம். நியூட்ரலில் வைத்து முறுக்கினால் பாரம் இல்லாததால் இதே காயில் சுத்தமாக வேலை செய்யும். கராஜில் பொனட்டைத் திறந்து இரண்டு தடவை முறுக்கிவிட்டு ‘என்ஜின் நல்லம்’ என்று சொல்வது இதனால்தான் நம்பத் தகுந்ததல்ல.

இந்த என்ஜினில் பிளக் வயர் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் என்று நான்கு இருக்கின்றன. என்ஜின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, மேல் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு காயிலாக 10 மில்லிமீற்றர் போல்டைக் கழற்றி மேலே இழுங்கள். எது எந்தச் சிலிண்டர் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பிளக் இருக்கும் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் தேங்கி நின்றால் டெபட் கவர், அதாவது வால்வுகளை மூடும் மூடியின் பெக்கிங் கசிகிறது. இருபது வருடக் காரில் இது மிகச் சாதாரணம். எண்ணெய் றப்பரை ஊறவைத்து மென்மையாக்கி வெடிக்கச் செய்யும். பெக்கிங்கை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் பழையபடி வந்து நிற்பீர்கள்.

பிறகு 16 மில்லிமீற்றர் பிளக் சாவியால் பிளக்குகளைக் கழற்றி ஒரு வெள்ளைக் கடதாசியில் வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே நிறமாக, இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. நான்கும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் காற்று கூட, பெற்றோல் குறைவு. நான்கும் கரி பூசியது போலிருந்தால் பெற்றோல் கூட. இனி வெள்ளைப் பீங்கான் உடலை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். மேலிருந்து கீழே பென்சிலால் கோடு போட்டது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், அதுதான் மின்சாரம் வெளியால் ஓடிய தடம். காயிலின் றப்பருக்கு உள்ளேயும் அதற்கு நேரே அதே கோடு இருக்கும். கவனிக்க வேண்டியது இங்கேதான்: பிளக்கை மட்டும் மாற்றி றப்பரை விட்டால், றப்பரில் உள்ள கோடு புதிய பிளக்கையும் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பிளக் வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். டென்சோ கே16ஆர்-யு11 போன்ற எண்ணில் கடைசியில் வரும் 11 என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளியைக் குறிக்கிறது. 0.8 இடைவெளியுள்ள வேறு பிளக்கைப் போட்டுவிட்டு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்பார்கள், ஒன்றல்ல. தேய்ந்த பிளக்கில் இந்த இடைவெளி 1.3, 1.4 என்று விரிந்திருக்கும், காயில் அதைத் தாண்டுவதற்குத் திணறும். சாதாரண நிக்கல் பிளக் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் வரைக்கும்தான் நல்லது. இரிடியம் நல்லதாக இருந்தால் 100,000 வரை போகும். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டும் எடுக்கலாம், ஆனால் பிளக்கில் போலி அதிகம், பெட்டியைப் பார்த்து நம்ப முடியாது. நடுமுனை சரியாக நடுவில் இல்லாமல் கோணலாக நிற்பது, புரி கரடாக இருப்பது, அச்செழுத்து நகத்தால் சுரண்டினால் அழிவது, நான்குக்கும் இடைவெளி ஒவ்வொரு விதமாக இருப்பது எல்லாம் போலியின் அடையாளம். மாட்டும்போது முதலில் கையாலேயே முழுப் புரியையும் ஓட்டிவிட்டு, கடைசியில் மட்டும் சாவியால் ஏறத்தாழ 18 நியூட்டன் மீற்றர் இறுக்குங்கள். ஹெட் அலுமினியம், புரி அறுந்தால் கிளச் செலவு சின்னதாகத் தெரியும்.

எந்தக் காயில் என்று கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சந்தேகமான காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். கறுப்பும் ஈரமும் புது இடத்துப் பிளக்குக்குப் போனால் காயில் குற்றவாளி, பழைய இடத்திலேயே நின்றால் அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோல் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ வால்வையோ பார்க்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. அப்படிச் செய்வதென்றால் காயிலைத் தூக்காதீர்கள், இன்ஜெக்டரின் சொக்கட்டைக் கழற்றுங்கள். காயிலைத் தூக்கினால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும், கையிலும் ஷொக் அடிக்கும். நல்ல சிலிண்டரைத் துண்டித்தால் என்ஜின் தடுமாறும். எதைத் துண்டித்தும் மாற்றமே இல்லையோ அதுதான் ஏற்கெனவே வேலை செய்யாதது. பாரத்தில் மட்டும் மிஸ் அடிக்கும் காயிலை இந்த முறை பிடிக்காது என்பதால் நான் இடம் மாற்றிப் போடுவதையே விரும்புவேன்.

இனி அந்த ‘டக்’ சத்தம். அது பொறியால் வராது. ஏசி போட்டால் கூடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் என்ஜின் மவுண்ட் மேல் சந்தேகம் வருகிறது. குறுக்காகப் படுத்திருக்கும் என்ஜின், மிதிக்கும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் உருளப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பவை மவுண்டுகள். பொனட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு, ஒருவர் கிளச்சைக் கடி பிடிக்கும் இடம் வரை மட்டும் முதலாம் கியரில் விட்டு எடுக்கட்டும், பிறகு ரிவர்ஸில். மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், காருக்கு முன்னால் ஒருபோதும் நிற்கக்கூடாது. என்ஜின் ஒரு விரல் அகலம் அசைந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று விரல் அகலம் எழும்பி ‘டக்’ என்று விழுந்தால் மவுண்ட் போய்விட்டது. திரவம் நிரம்பிய வகை மவுண்டில் கீழே கறுப்பாக எண்ணெய் வடிந்திருக்கும்; மற்றவற்றில் றப்பர் கிழிந்து வாய் பிளந்து தெரியும், டயர் லீவரால் மெல்ல நெம்பினால் இன்னும் தெளிவு.

மவுண்ட் கிழிந்தால் சத்தமும் தட்டலும்தானே, குலுக்கலுக்கு என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இங்கே பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. எயார் பில்டர் பெட்டிக்கும், என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திரொட்டிலுக்கும் நடுவில் ஓர் அக்கோடியன் போன்ற றப்பர்க் குழாய் இருக்கிறது. பெட்டி காரின் உடலோடு நிற்கும், திரொட்டில் என்ஜினோடு ஆடும். மவுண்ட் தளர்ந்து என்ஜின் அதிகமாக உருண்டால் இந்தக் குழாய்தான் இழுபடும். மடிப்புகளின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடிக்கும். கார் நிற்கும்போது வெடிப்பு மூடியிருக்கும். மிதித்ததும் என்ஜின் உருண்டு வெடிப்பு வாய் திறக்கும். அதனூடாகப் போகும் காற்று பெட்டியில் காற்றை அளக்கும் எயார் புளோ சென்சரைக் கடந்து போகாத காற்று. கணக்கில் வராத காற்றுக்குக் கணினி பெற்றோல் தராது. கலவை மெலிந்து என்ஜின் ஒரு கணம் விடும். விட்டதும் என்ஜின் திரும்பி உட்காரும், வெடிப்பு மூடும், பிறகு இழுக்கும், திரும்பவும் உருளும். இரண்டு மூன்று தடவை தூக்கி அடிப்பது என்று நீங்கள் எழுதியதற்கு இது அப்படியே பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்காக இதுதான் என்று சொல்லமாட்டேன். குழாயைக் கழற்றி, இரு கையாலும் மடிப்புகளை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். கழற்றாமல் மேலிருந்து எட்டிப் பார்ப்பது பார்த்ததாகாது.

குழாயைக் கழற்றிய கையோடு திரொட்டிலின் வாயைப் பாருங்கள். தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் படிந்திருந்தால், மிதிக்கத் தொடங்கும் முதல் இரண்டு மில்லிமீற்றரில் காற்று ஒழுங்காகப் போகாது. துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். நேரே பீய்ச்சி அடித்து உள்ளே வழியவிட வேண்டாம். எயார் புளோ சென்சருக்கு அந்தக் கிளீனரை ஒருபோதும் அடிக்காதீர்கள். அதற்கென்று விற்கும் ஸ்பிரே வேறு. தலைமயிரை விட மெல்லிய கம்பியைப் பஞ்சாலும் பிரஷாலும் தொடக்கூடாது, சொக்கட்டைக் கழற்றி அடித்து, குறைந்தது பத்து நிமிடம் காயவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள். அக்சிலேட்டர் கேபிள் உள்ள காரென்றால் கேபிளின் தளர்வையும் பாருங்கள். தளர்ந்த கேபிள் சும்மா போய்ப் பிறகு திடீரென்று பிடிக்கும், அதுவும் ஒரு குலுக்கல்தான்.

திரொட்டில் சென்சர் தேய்ந்திருந்தால் பெடலின் ஒரே இடத்தில் எப்போதும் குலுக்கும். பல சென்சர்களில் மூடியபோது ஏறத்தாழ அரை வோல்ட், முழுதாகத் திறந்தபோது நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேல். மெதுவாகத் திறக்கும்போது இடையில் எங்கும் விழாமல் ஏற வேண்டும். இதற்கு இலக்க மீற்றரைவிட முள் உள்ள பழைய மீற்றர் நல்லது, ஒரு கணம் விழுந்தாலும் முள் துள்ளிக் காட்டும்.

பெற்றோல் பக்கத்தைப் பார்த்தால் அதன் குணம் வேறு. பில்டர் அடைத்தாலோ பம்ப் பலவீனமானாலோ குலுக்கல் உடனே வந்து உடனே போகாது. வேகம் கூடக் கூட, ஏற்றம் நீள நீள என்ஜின் பட்டினி கிடப்பது போல் மெலியும். அதிவேகப் பாதையில் ஓடினால் தெரியும், வெள்ளவத்தைக்கும் புறக்கோட்டைக்கும் நடுவில் தெரியாது. அழுத்தத்தைக் கேஜ் பூட்டி அளக்கலாம்: இந்த என்ஜினுக்கு 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது ‘பார்’ என்ற அலகில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல், அணைத்து ஐந்து நிமிடம் கழித்தும் ஒன்றரை பார் அளவு நிற்க வேண்டும். கேஜ் பூட்டாமல் பம்ப் மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். இந்த வகைகளில் பம்பும் பில்டரும் பின் சீற்றுக்குக் கீழே தாங்கிக்குள் ஒன்றாக இருப்பதால், வெளியில் பில்டரைத் தேடி ‘பில்டர் இல்லாத கார்’ என்று முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். எப்போதும் எச்சரிக்கை விளக்கு எரியும் வரை ஓட்டும் பழக்கம் இருந்தால் விடுங்கள். பம்புக்குக் குளிர்ச்சி தருவதே அதைச் சுற்றி நிற்கும் பெற்றோல்தான். 92 போடுவதா 95 போடுவதா என்பதற்கும் இந்தக் குலுக்கலுக்கும் தொடர்பில்லை, இந்த என்ஜினுக்கு 92 போதும். ஆனால் ஒரு குறிப்பிட்ட நிலையத்தில் அடித்த அன்றே தொடங்கியதென்றால் தண்ணீர் கலந்திருக்கலாம், கொஞ்சம் வடித்துக் கண்ணாடிப் போத்தலில் ஒரு மணித்தியாலம் வைத்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும்.

கடற்கரைப் பக்கத்தில் நிற்கும் காருக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் பற்றரியின் நெகற்றிவ் வயர் என்ஜினிலும் உடலிலும் இறுகும் இடங்கள் உள்ளுக்குள் துருப்பிடிக்கும், வெளியே நன்றாகத் தெரியும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவிலும் மறுமுனையை என்ஜின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கழற்றி, அரத்தாள் போட்டு, இறுக்குங்கள். ஓடும்போது பற்றரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

கார் எங்கே இருந்து வந்தது என்பதும் முக்கியம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் நிறைய வாகனங்கள் நீருக்குள் நின்றன; அவை எல்லாம் இரும்புக்குப் போய்விடவில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 வரை தனியார் கார் வராமல் இருந்த காலத்தில் ஓடக்கூடியதெல்லாம் விலைபோயிற்று. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் காய்ந்த சேறு இருக்கிறதா, சீற் தண்டவாளம் துருவா, சொக்கட்டுகளின் செப்பு பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஈரத்துக்கும் குலுக்கலுக்கும் உள்ள உறவுக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும், கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். மீற்றரில் 84,000 என்று இருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கிளச், பிரேக் பெடல்களின் றப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் அந்தக் காருக்கு வேறு எண் இருந்திருக்கிறது.

கியர்ப்பெட்டியிலிருந்து ரயருக்குச் சக்தியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாப்டை மறந்துவிடக்கூடாது, ஆனால் உங்களுக்கு அது கடைசியில். உள் ஜொயின்ட் தேய்ந்தால் 50க்கு மேல் வேகத்தில் மிதிக்கும்போது காரின் முகம் இடமும் வலமுமாக ஆடும், காலை எடுத்தால் நிற்கும். அது சீரான ஆட்டம், வெட்டி வெட்டி வராது. வெளி ஜொயின்ட் என்றால் முழுதாகத் திருப்பும்போது கடகட என்று எண்ணலாம்.

ஸ்கானர் போட்டால் தெரியாதா என்ற கேள்வி வரும். தெரியலாம். பி 0301 வந்தால் முதலாம் சிலிண்டர் மிஸ், பி 0300 வந்தால் எது என்று குறிப்பில்லாமல் மிஸ், பி 0171 வந்தால் கலவை மெலிவு. இவை இடத்தைக் காட்டுமே தவிர எந்தப் பாகம் என்று சொல்லாது. 0171ஐப் பார்த்து ஒட்சிசன் சென்சரை மாற்றுவது வழக்கமான வீண் செலவு, பல நேரம் அந்த றப்பர்க் குழாய்தான் காரணம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த அந்தக் காலக் கார்களோடு மலிவான புளூடூத் ஸ்கானர் பல நேரம் பேசவே பேசாது. ‘குறியீடு இல்லை’ என்பதும் ‘இணையவில்லை’ என்பதும் வேறு, கராஜில் எது நடந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரும் பார்க்காத ஒரு கடதாசி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க எடுத்த புகைப் பரிசோதனை அறிக்கை. சும்மா ஓடும் நிலையிலும் 2500 சுற்றிலும் ஐதரோகாபன், காபனோரொட்சைட்டு அளவுகள் அதில் இருக்கும். ஐதரோகாபன் என்பது எரியாமல் வெளியே போன பெற்றோல். சித்தியடைந்திருந்தாலும் அந்த எண் எல்லையை ஒட்டி நின்றால், அல்லது போன வருட அறிக்கையைவிட வெகுவாக ஏறியிருந்தால், ஒரு சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்பதற்கு அது சாட்சி. காபனோரொட்சைட்டு மட்டும் கூடியிருந்தால் பெற்றோல் அதிகம் போகிறது, பொறியைவிட எயார் புளோ சென்சர் பக்கம் திரும்புங்கள். விற்றவரிடம் பழைய அறிக்கைகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆகவே உங்கள் இடத்தில் இருந்தால் சனிக்கிழமை காலையில் செலவில்லாத வேலைகளை முதலில் செய்வேன்: கிளச் சோதனை, மவுண்ட் அசைவு, றப்பர்க் குழாய், பிளக்கும் காயிலும். மழை பெய்த இரவுக்குப் பிறகு பொனட்டைத் திறந்து, இருட்டில் என்ஜினை ஓடவிட்டு, ஒரு ஸ்பிரே போத்தலில் தண்ணீரை மென்மையாகக் காயில்களின் மேல் பனிபோல் தூவினால், கசியும் காயில் சிலநேரம் நீலப் பொறியாகவே தெரியும். கையைத் தள்ளி வையுங்கள், விசிறி எச்சரிக்கை இல்லாமல் சுற்றும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு நாள் ஓட்டி, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். பிளக், காயில், சென்சர், பம்ப் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குலுக்கல் போகலாம், எதனால் போனது என்று தெரியாது, அடுத்த தடவையும் அதே முழுச் செலவு. கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கிளச் சோதனையில் உண்மையாகவே வழுக்கல் கண்டால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பேரம் பேச வேண்டியது விலையை அல்ல, வேலையை. கியர்ப்பெட்டியை இறக்குவதுதான் பெரிய கூலி. இறக்கிய பிறகு கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள், பின் கிராங்க் சீலில் ஈரம் இருந்தால் அதையும். பிளைவீலின் முகத்தில் நீலப் புள்ளியோ நகத்தில் தட்டும் கீறலோ இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவி எடுக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் புது பிளேட் போட்டால் இப்போது இல்லாத நடுக்கம் புதிதாக வரும். பெட்டியை மேலே ஏற்றுவதற்கு முன், கிழிந்த மவுண்டையும் அதே கூலிக்குள் மாற்றித் தரும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.